"எலி ஜீன் ஊசி"ன்னு ஒரு வீடியோ. பறிபோறது ஒரு பையனோட முழங்கால்

1/ மதுக்கரை பக்கத்துல இருந்து ஒரு அம்மா, 7 வயசுப் பையனைத் தூக்கிட்டு ஓபிக்கு வந்தாங்க. முழங்கால் உருண்டையா வீங்கியிருக்கு. ஹீமோபிலியா ஏ. ஒழுங்கா போட்டுட்டு இருந்த ஃபேக்டர் 8 ஊசியை ரெண்டு மாசமா நிறுத்திட்டாங்க. "அது எலி ஜீனாமாங்க டாக்டர். பையனோட டிஎன்ஏவையே மாத்திருமாம், வீடியோல சொன்னாங்க." (அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாத்தியிருக்கேன்.)

2/ அந்த அம்மா மேல எனக்குக் கோபமே இல்லைங்க. வீடியோ போட்டவர் மேலதான். அவருக்கு வ்யூஸ். பையனுக்கு மூட்டுக்குள்ள ரத்தம். திரும்பத் திரும்பக் கசிஞ்சா குருத்தெலும்பு அரிச்சு, கால் மடங்காமப் போயிரும்.

3/ முதல் பொய்: "எலி ஜீன்". அது மனுஷ ஜீன். 1984-ல் பிரிச்செடுத்தாங்க. பிளாஸ்மிட்ங்கற சின்ன வட்ட டிஎன்ஏவில் அதை வெச்சு, ஹாம்ஸ்டர் சூலகத்துல இருந்து வந்த செல்லுக்குள்ள அனுப்புவாங்க. அந்த செல் மனுஷ புரதத்தைத் தயாரிக்கும். தறி யாரோடதா இருந்தா என்ன, நெய்யறது நம்ம சேலை.

4/ பாக்டீரியாவில் செய்யக்கூடாதா? இன்சுலின் சின்னது, அதுல முடியும். ஃபேக்டர் 8 பிரம்மாண்டம், 2,300 அமினோ அமிலத்துக்கு மேல. அதன் மேல சர்க்கரைத் துணுக்குகளைச் சரியா ஒட்ட பாலூட்டி செல்தான் தோது.

5/ ரெண்டாவது பொய்: "டிஎன்ஏ மாறிடும்". செல்லை நீக்கி, புரதத்தைச் சுத்திகரிச்சுத்தான் புட்டிக்கு வருது. பையனுக்குப் போறது புரதம். ஜீன் இல்லை. சில நாள்ல கரைஞ்சிரும். அதனாலதான் மறுபடி மறுபடி போடறோம்! ஜீன் மாறியிருந்தா ஒரு ஊசியோட வேலை முடிஞ்சிருக்குமே?

6/ மூணாவது: "ஜீன்ல டேக் வெச்சுக் கண்காணிக்கறாங்க". ஆராய்ச்சிக்கூடத்துல புரதத்தோட நுனியில ஒரு அடையாள வால் ஒட்டுவாங்க. ஃபிளாக்னு ஒண்ணு, வெறும் 8 அமினோ அமிலம். மாட்டுக் காதுல மஞ்சள் டேக் மாதிரி, கூட்டத்துல நம்ம புரதம் எதுன்னு கண்டுபிடிக்க. சிப்பும் இல்லை, சிக்னலும் இல்லை. பையனோட ஊசியில அந்த வால்கூட இல்லை.

7/ "இயற்கையா ரத்தத்துல எடுத்தா நல்லதுதானே?" 1980-களில் தானம் வந்த பிளாஸ்மாவில் செஞ்ச ஃபேக்டர் வழியாத்தான் உலகம் முழுக்க ஆயிரக்கணக்கான ஹீமோபிலியாக்காரங்களுக்கு எச்ஐவி பரவுச்சு. இன்னிக்கு வைரஸை அழிச்சுத் தர்றாங்க, அதுவும் பாதுகாப்பானதுதான். ஆனா பிளாஸ்மிட் வழி மருந்து பிறந்ததுக்கு அந்தச் சாவுகளும் ஒரு காரணம்.

8/ பக்கவிளைவே இல்லையா? இருக்கு. கடுமையான நோய் உள்ளவங்கள்ல சுமார் 30% பேருக்கு மருந்தை எதிர்க்கும் ஆன்டிபாடி உருவாகலாம். டெஸ்ட் பண்ணிக் கண்டுபிடிப்போம், அதுக்கும் வழி இருக்கு. வீடியோக்காரர் இந்த உண்மையான ஆபத்தைப் பத்தி ஒரு வார்த்தை பேசலை.

9/ நிஜமாவே ஜீனை உடம்புக்குள்ள வைக்கிற சிகிச்சை வேற. வேலூர் சிஎம்சியில் 5 பேருக்கு, அவங்களோட ஸ்டெம் செல்லிலேயே ஃபேக்டர் 8 ஜீனை வெச்சாங்க. 2024 டிசம்பர்ல வெளியான முடிவுப்படி, அதுக்கப்புறம் ரத்தக்கசிவு இல்லை. ஒளிச்சு மறைச்சு இல்லை, ஒப்புதல் கையெழுத்து வாங்கித்தான் செஞ்சாங்க.

10/ எங்க தப்பும் இருக்கு. ரெண்டு நிமிஷ ஓபியில ஊசி போடறோம், அது என்னன்னு சொல்றதில்லை. அந்த இடத்துலதான் வீடியோ புகுந்துக்குது.

11/ அன்னிக்கு அரை மணி நேரம் உக்காந்து பேசினேன். பையன் கைநீட்டி ஊசி போட்டுக்கிட்டான். பழைய மாதிரி கால் மடங்குமான்னு இன்னும் தெரியலை. உங்க வீட்டுல யாராவது ஃபேக்டர் போட்டுட்டு இருந்தா, நிறுத்தறதுக்கு முன்னாடி ஒரு தடவை எங்ககிட்ட வந்து கேளுங்க. திட்ட மாட்டோம்.