கையெழுத்துப் போடுமுன்

தங்கச்சி மகன் அடுத்த ஆண்டு ஒன்றாம் ஆண்டுக்குப் போகிறான். கோல சிலாங்கூர் பக்கம் இரண்டு தமிழ்ப்பள்ளிகளைப் பார்த்து வைத்திருக்கிறாள். ஒன்றில் டிஎல்பி, கணிதமும் அறிவியலும் ஆங்கிலத்தில். மற்றது செம்பனைக்கு நடுவே இருக்கும் சின்னத் தோட்டப் பள்ளி, இரண்டும் தமிழில். "என்னண்ணே, புள்ள இங்கிலீசு பேச வேணாமா?"

பேசட்டும்! யார் வேண்டாம் என்றது? ஆனால் அதற்கு இருமொழித் திட்டம் என்று பெயர் வைக்காதீர்கள். தமிழ்ப்பள்ளிப் பிள்ளை ஏற்கெனவே தமிழோடு மலாயும் ஆங்கிலமும் படிக்கிறது. 2016இல் வந்த இத்திட்டம் புதிதாக எந்த மொழியையும் சேர்க்கவில்லை. இரண்டு பாடங்களிலிருந்து தமிழை எடுக்கிறது, அவ்வளவுதான். 2003இல் பிபிஎஸ்எம்ஐ என்று கட்டாயமாகவே கொண்டு வந்தார்கள். 2009இல் கைவிடுவதாக அறிவித்தார்கள். இப்போது கட்டாயம் இல்லை. பெற்றோர் கையெழுத்துப் போட்டால் போதும். நாமே போட்டுக் கொடுக்கிறோம்.

தோட்டப் பள்ளியைப் பார்க்கத் தங்கச்சியோடு போனேன். மூன்றாம் ஆண்டு வகுப்பு. ஆசிரியை ரொட்டி சானாயை எட்டாக வெட்டி, மூன்று துண்டை எடுத்துவிட்டு, மீதி எவ்வளவு என்றார். "அஞ்சு" என்றான் ஒரு பையன். விடவில்லை. "எதுல அஞ்சு?" அவன் யோசித்தான், பக்கத்துப் பெண் திருத்தினாள், இவன் மறுத்தான், பெரிய வாக்குவாதம். கடைசியில் "எட்டுல அஞ்சு டீச்சர்" என்றான். இந்தச் சண்டையை அவன் ஆங்கிலத்தில் போட்டிருப்பானா? வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருப்பான். நாமும் பிள்ளை அமைதி என்று மெச்சியிருப்போம்.

எந்த மொழி என்று விசாரிக்கும் நாம், யார் எப்படிச் சொல்லிக் கொடுக்கிறார் என்று கேட்பதே இல்லை.

டிஎல்பி பாரம் இன்னும் தங்கச்சி வீட்டு டிவி மேல் கிடக்கிறது. பேனாவை நான் எடுத்து வந்துவிட்டேன்.