விடியலில் கூவுவது யார்?

காட்டுக்கோழி வேட்டைக்குப் போக ஆசைப்படும் பெட்டாலிங் ஜெயா தம்பிகளிடம் நான் சொல்வது: முதலில் காதைப் பழக்குங்கள்.

விடியலில் செம்பனைத் தோட்ட ஓரம் நில்லுங்கள். காட்டுச் சேவலின் கூவல், வீட்டுச் சேவலுடையதைவிடச் சிறியது. கடைசியில் சட்டென்று அறுந்துவிடும். கால் சாம்பல் நிறம். வாலடியில் வெள்ளைத் திட்டு.

பழக்கிய சேவலைக் கூவவிட்டால், எதிரி வந்துவிட்டதாக எண்ணி அது சண்டைக்கு வரும். அப்படிப் பழக்கிய சேவலை மலாய்க்காரர்கள் 'டெனாக்' என்பார்கள். பழக்கிய விலங்கைக் காட்டி அதன் இனத்தைப் பிடிப்பதைச் சங்கத் தமிழர்களும் அறிவார்கள். அந்த விலங்குக்குப் 'பார்வை' என்று பெயர்.

தன் இடத்தைக் காக்கும் துணிச்சலே அதன் உயிருக்கு உலை வைக்கிறது. பெர்ஹிலித்தான் உரிமம் இல்லாமல் வேட்டையாடினால், 2010ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்.

கூவலைக் கேட்க உரிமம் வேண்டாம். குழம்புக்குச் சந்தையில் கோழி இருக்கிறது.