ரத்தம் கொடுக்கப் போகிறீர்களா? முதலில் தண்ணீர் குடியுங்கள்!

"ரத்தம் கொடுத்தா மயக்கம் வந்துடுமாமே அக்கா?" எங்கள் உத்தரகோசமங்கையில் ரத்ததானம் என்று பேச்சை எடுத்தாலே பெண்கள் முதலில் கேட்பது இதைத்தான். எல்லோருக்கும் வருவதில்லை, சகோதரிகளே. வரக்கூடியவர்களிலும் பலருக்கு அதைத் தவிர்த்துவிடலாம். அதற்குக் கைகண்ட மருந்து நம் வீட்டுப் பானையிலேயே இருக்கிறது.

நாம் கொடுக்கிற ரத்தத்தில் பாதிக்கு மேல் தண்ணீர்தான். 45 கிலோ எடையுள்ள பெண்ணின் உடம்பில் சுமார் 3 லிட்டர் ரத்தம் ஓடுகிறது. அதில் எடுப்பது 350 மில்லி. வேண்டிய தண்ணீர் குடித்திருந்தால் உடம்பு இதைச் சமாளித்துக்கொள்ளும். ஏற்கெனவே வறண்டிருந்தாலோ, படுக்கையைவிட்டுச் சட்டென்று எழும்போது மூளைக்குப் போகும் ரத்தம் குறைந்து, கண் இருட்டும், வியர்க்கும், தலை சுற்றும். ஊசியைக் கண்ட பயமும் சேர்ந்தால் ஆளைச் சாய்த்துவிடும்.

எங்கள் ராமநாதபுரம் சீமை வெயிலுக்குப் பெயர் போனது. ஆனாலும் வெளியே கிளம்பும் பெண்கள் தண்ணீர் குடிக்கவே யோசிப்பார்கள். "போற இடத்துல ஒதுங்க இடம் இருக்காதே!" நியாயமான கவலைதான். ஆகவே முகாம் நடத்துகிறவர்கள் பெண்களுக்குக் கழிப்பறை வசதியை முதலில் பார்க்க வேண்டும். நாமும் கூச்சப்படாமல் கேட்க வேண்டும்.

விரதத்தோடு போய் ரத்தம் கொடுப்பதும் கூடாது. மார்கழித் திருவாதிரைக்கு இங்கே மரகத நடராஜரின் சந்தனக்காப்புக் களைவதைத் தரிசிக்க, பட்டினி கிடந்து இரவெல்லாம் கண்விழிப்பவர்கள் உண்டு. புண்ணியம்தான்! ஆனால் அந்தக் களைப்போடு ரத்ததானத்துக்குப் போகாதீர்கள். நன்றாகச் சாப்பிட்டு, தூங்கி எழுந்து, வேறொரு நாள் கொடுக்கலாம்.

செய்ய வேண்டியது இவ்வளவுதான்:

முதல் நாளிலிருந்தே தாகத்துக்குக் காத்திராமல் தண்ணீர், நீர்மோர், இளநீர் என்று குடித்து வாருங்கள். அன்று காலை இட்லியோ கஞ்சியோ வயிறாரச் சாப்பிடுங்கள். கொடுப்பதற்கு அரை மணிக்குள் பெரிய டம்ளரில் இரண்டு, அதாவது அரை லிட்டர் தண்ணீர் குடியுங்கள். வெறும் காபி இதற்கு ஈடாகாது. கொடுத்தபின் கால் மணி நேரம் உட்கார்ந்து, ஜூஸோ மோரோ குடித்துவிட்டு மெதுவாக எழுந்திருங்கள். தலை சுற்றினால் உடனே படுத்துக் கால்களை உயர்த்திக்கொள்ளுங்கள். அன்றைக்கு அந்தக் கையால் தண்ணீர்க் குடம் தூக்க வேண்டாம்.

போன நீர்ப்பகுதி ஓரிரு நாளில் ஊறிவிடும். சிவப்பணுக்கள் முழுதாகத் தேற வாரக்கணக்கில் ஆகும். அதனால்தான் பெண்களுக்கு ஒரு தடவைக்கும் அடுத்ததற்கும் நான்கு மாத இடைவெளி.

ஒன்றை மறக்கக்கூடாது. தண்ணீர் மயக்கத்தைத் தடுக்குமே தவிர, ரத்தசோகையைத் தீர்க்காது. ஹீமோகுளோபின் 12.5 கிராமாவது இருக்க வேண்டும். 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, 15 முதல் 49 வயதுக்குட்பட்ட இந்தியப் பெண்களில் நூற்றுக்கு 57 பேருக்கு ரத்தசோகை. பரிசோதித்து, "உங்களுக்கு ரத்தம் குறைவும்மா" என்று திருப்பி அனுப்பினால் வருத்தப்படாதீர்கள். டாக்டரைப் பார்த்து இரும்புச்சத்து மாத்திரை சாப்பிடுங்கள். முருங்கைக்கீரை சமைத்தால் கூடவே எலுமிச்சை, நெல்லிக்காய் ஏதாவது சேருங்கள். சாப்பிட்ட கையோடு டீ குடிக்காதீர்கள். கர்ப்பிணிகளும் பால் கொடுக்கும் தாய்மாரும் ரத்தம் கொடுக்க வேண்டாம்.

இவ்வளவு சிரமம் எதற்கு என்கிறீர்களா? பிரசவத்தில் ரத்தப்போக்கு நிற்காமல் தவிக்கிற பெண்ணுக்கு நிமிஷக் கணக்கில் ரத்தம் வேண்டும். அதை எந்தத் தொழிற்சாலையிலும் செய்ய முடியாது. காசுக்கு ரத்தம் விற்பதும் 1998 ஜனவரி முதல் தடைசெய்யப்பட்டிருக்கிறது. சேமித்து வைத்தாலும் ஐந்தாறு வாரம்தான் தாங்கும். யாராவது கொடுத்துக்கொண்டே இருந்தால்தான் உண்டு.

அக்டோபர் 1 தேசிய ரத்ததான நாள். அதுவரை காத்திருக்கவும் வேண்டாம். உடம்பு தெம்பாக இருக்கிற ஒரு நாளில் மதினி, நாத்தனார், பக்கத்து வீட்டுக்காரி என்று நாலு பேராகச் சேர்ந்து போய் வாருங்கள். கையோடு ஆளுக்கொரு பாட்டில் தண்ணீர்!