மரவெளியும் காடும் ஒன்றல்ல

மைசூரு நகரின் பழைய வணிகப் பகுதியான மண்டி மொஹல்லாவுக்கும் காட்டுக்கும் தொடர்பு ஏதும் இருப்பதாக முதல் பார்வையில் தோன்றாது. நெருக்கமான தெருக்கள், சிறு பட்டறைகள், வீட்டு வாசலில் முறத்தை மடியில் வைத்துப் பீடி சுற்றும் பெண்கள் என்பதே அப்பகுதியின் அன்றாடக் காட்சி. ஆனால் அந்த முறத்தில் இருக்கும் இலை எங்கோ ஒரு மரத்தில் துளிர்த்தது. பட்டறையில் மரப்பதிப்புக் கலைஞர் செதுக்கும் ஈட்டிப் பலகையும் எங்கோ ஒரு மலைச்சரிவில் வளர்ந்தது. மைசூருவின் பெயரை உலகெங்கும் கொண்டு சென்ற சந்தனமும் அப்படித்தான்.

இவை எங்கிருந்து வருகின்றன என்று கேட்டால், ‘காட்டிலிருந்து’ என்று ஒரே சொல்லில் விடை கிடைக்கும். அந்த ஒற்றைச் சொல்லுக்குள் ஓர் அரசியல் ஒளிந்திருக்கிறது. பீடி இலையும் சந்தனமும் சூரிய ஒளி நுழையாத அடர்காட்டின் விளைபொருட்கள் அல்ல. மரங்கள் விலகி நின்று, அவற்றிடையே புல் செழித்து வளரும் நிலத்தின் விளைபொருட்கள் அவை. புல் மிகுந்த நிலம் புல்வெளி என்றால், இதனை மரவெளி என்று அழைக்கலாம். அரசின் ஏடுகளில் இந்த நிலத்திற்குத் தனிப் பெயர் இல்லை. ஒன்று, அது ‘சீரழிந்த காடு’. இல்லையேல், அது ‘தரிசு’. பெயரற்ற நிலத்தைப் பறிப்பது எளிது என்பதே இன்றைய சிக்கலின் சாரம்.

ஒளியும் புல்லும் தீயும்

அடர்காட்டில் மரங்களின் உச்சிகள் ஒன்றோடொன்று பிணைந்து கூரைபோல் மூடிக்கொள்கின்றன. தரையில் ஒளி குறைவு, ஈரம் அதிகம். அங்கே புல் தழைப்பதில்லை. நிழலைத் தாங்கும் கன்றுகளும் கொடிகளும் பெரணிகளுமே வளர்கின்றன. தீ அங்கே அரிதாகவே நுழையும்; நுழைந்தால் பேரழிவுதான்.

மரவெளியில் நிலைமை நேர்மாறானது. மர உச்சிகள் தொட்டுக்கொள்வதில்லை. இடைவெளியில் இறங்கும் வெயிலில் புல் தொடர்ச்சியான விரிப்பாகப் படர்கிறது. புல்லை நம்பி மானும் மாடும் காட்டெருதும் வாழ்கின்றன. கோடையில் காய்ந்த புல்லைத் தீ அவ்வப்போது தழுவிச் செல்கிறது. இங்குள்ள மரங்களில் பல, தடித்த பட்டையாலும், கருகினாலும் வேரிலிருந்து மீண்டும் துளிர்க்கும் ஆற்றலாலும் அந்தத் தீயைத் தாங்குகின்றன. நெல்லி, நமை, பலாசு, பீடி இலை மரம் ஆகியவை இத்தகைய நிலத்திற்குப் பழகியவை.

ஆகவே மரவெளி என்பது மரங்கள் வெட்டப்பட்டு எஞ்சிய காடு அல்ல. அது தனித்த ஒரு வாழிடம். 2011-இல் பெங்களூரு தேசிய உயிரியல் அறிவியல் மையத்தின் ஜெயஸ்ரீ ரத்னம், மகேஷ் சங்கரன் ஆகியோர் பன்னாட்டு அறிஞர்களுடன் சேர்ந்து எழுதிய ஆய்வுக்கட்டுரை இதே வினாவை எழுப்பியது. மரங்கள் எத்தனை நிற்கின்றன என்பதை மட்டும் வைத்து ஒரு நிலத்தைக் காடு என்று முடிவு செய்ய முடியாது; தரையில் ஒளி விரும்பும் புல் இருக்கிறதா, மரங்கள் தீயைத் தாங்குபவையா, நிழலைச் சகிக்காதவையா என்பதைப் பார்க்க வேண்டும் என்று அவர்கள் வாதிட்டனர். இந்தியாவில் ‘உலர் இலையுதிர் காடு’ என்று எழுதப்படும் பரப்பின் பெரும்பகுதி உண்மையில் மரவெளியே என்பதும் இந்த அறிவியலாளர்களின் கருத்து.

தமிழ் மரபுக்கு இந்த வேறுபாடு புதிதல்ல. ஆநிரை மேய்க்கும் ஆயர்களின் முல்லைத் திணை, புலி பதுங்கும் இருண்ட கானகத்தை அல்ல, மாடு மேயத் தக்க திறந்த நிலத்தையே நினைவூட்டுகிறது. கொங்கு நாட்டு உழவர் ‘காட்டுக்குப் போகிறேன்’ என்று கூறும்போது தமது மானாவாரி நிலத்தையே குறிக்கிறார். காங்கேயம், தாராபுரம் பகுதிகளின் கொரங்காடு இதற்குச் சிறந்த சான்று. கிளுவை வேலி, உள்ளே கொழுக்கட்டைப் புல், ஆங்காங்கே வெள்வேல மரம், அவற்றிடையே காங்கேயம் மாடுகளும் ஆடுகளும் என மரம், புல், கால்நடை, மனித உழைப்பு ஆகிய நான்கும் சேர்ந்து உருவாக்கிய மரவெளி அது. அங்கே நெருக்கமாக மரம் நட்டால் புல் போய்விடும். புல் போனால் மாடும் போய்விடும்.

‘தரிசு’ என்ற சொல்லின் வரலாறு

பிரிட்டிஷ் ஆட்சியாளர்களுக்கு நிலம் என்றால் வரி. மரம் என்றால் ரயில் பாதைக்கும் கப்பலுக்குமான சரக்கு. வரி தராத நிலம் அவர்களது ஏட்டில் ‘பாழ்நிலம்’ ஆயிற்று. மரச் சரக்கு தரும் நிலம் ‘ஒதுக்குக் காடு’ ஆயிற்று. ஆடு மாடு மேய்த்தும், விறகும் இலையும் பழமும் தேனும் எடுத்தும் மக்கள் வாழ்ந்த இடைப்பட்ட நிலம் இரண்டு பட்டியலிலும் உரிய இடம் பெறவில்லை. விடுதலைக்குப் பின்பும் அந்தப் பட்டியல் மாறவில்லை. இன்றும் அரசின் தரிசு நில வரைபடத் தொகுப்பில் புதர் நிலங்கள் தரிசாகவே இடம்பெறுகின்றன.

பழைய மைசூரு அரசு இதில் ஓரளவு வேறுபட்டது. அம்ருத மஹால் மாடுகளின் மேய்ச்சலுக்காக ‘காவல்’ என்ற பெயரில் பரந்த நிலங்களை அது ஒதுக்கியது. ஒரு காலத்தில் 4 லட்சம் ஏக்கருக்கு மேல் இருந்ததாகக் கணக்கிடப்படும் காவல் நிலங்களில் இன்று எஞ்சியிருப்பது சிறு பகுதியே. சித்ரதுர்கா மாவட்டம் சள்ளக்கெரேயில் மட்டும் 8 ஆயிரம் ஏக்கருக்கு மேல் பாதுகாப்பு, அணுசக்தி, விண்வெளி நிறுவனங்களுக்கும் பிறவற்றுக்கும் ஒதுக்கப்பட்டது. தலைமுறைகளாக அங்கு ஆடு மேய்த்தவர்கள் வேலிக்கு வெளியே நிறுத்தப்பட்டனர். ‘வெற்று நிலம்தானே’ என்பதே அப்போது சொல்லப்பட்ட நியாயம்.

இதைவிடக் கூர்மையான பாடம் 1980-களில் கிடைத்தது. சமூகக் காடு வளர்ப்பு என்ற பெயரில் கர்நாடகமெங்கும் தைல மரம் பரப்பப்பட்டது. 1983-இல் தும்கூரு மாவட்டத்தில் ரைத சங்க விவசாயிகள் தைல மர நாற்றுகளைப் பிடுங்கி எறிந்து, புளியும் மாவும் விதைத்தனர். 1984-இல் மாநில அரசும் ஹரிஹர் பாலிஃபைபர்ஸ் நிறுவனமும் கூட்டாக ‘கர்நாடகா பல்ப்வுட்’ நிறுவனத்தைத் தொடங்கின. சுமார் 30 ஆயிரம் ஹெக்டேர் பொது நிலத்தில் ஆலைக்குத் தேவையான மரக்கூழ் மரங்களை வளர்ப்பதே திட்டம். அரசின் ஏட்டில் பயனற்றதாக இருந்த அந்த நிலம், கிராம மக்களுக்கு விறகும் தீவனமும் தந்துகொண்டிருந்தது. 1987 நவம்பர் 14 அன்று குஸ்னூரில் மக்கள் தைல மரக் கன்றுகளைப் பிடுங்கி, தங்களுக்குப் பயன்படும் மரக் கன்றுகளை நட்டனர். தெருவிலும் நீதிமன்றத்திலும் நடந்த நீண்ட போராட்டத்தின் முடிவில், 1991-இல் அந்த நிறுவனம் மூடப்பட்டது. 2017-இல் கர்நாடக அரசே புதிதாகத் தைல மரம் நடுவதைத் தடை செய்தது. விவசாயிகள் கண்டுகொண்ட உண்மையை அரசு ஏற்க 30 ஆண்டுகளுக்கும் மேலாயிற்று.

சோலிகர்களின் சருகுத் தீ

மைசூருவின் அண்டை மாவட்டமான சாமராஜநகரில் உள்ள பிளிகிரி ரங்கன மலை, காட்டுக்கும் மரவெளிக்கும் உள்ள வேறுபாட்டை ஒரே மலையில் காட்டுகிறது. உயரத்தில் சோலைக்காடும் புல்வெளியும், இடையில் பசுமைமாறாக் காடு, அதைச் சுற்றிப் பரந்த மரவெளி, அடிவாரத்தில் முட்புதர் என அங்கு எல்லாம் உண்டு. அங்கே வாழும் சோலிகப் பழங்குடியினர் ஒவ்வொன்றையும் தனித்தனிப் பெயரிட்டு அழைக்கின்றனர். கோடையின் தொடக்கத்தில், சருகு முற்றிலும் காய்வதற்கு முன்பே, அவர்கள் சிறு தீ மூட்டும் வழக்கம் இருந்தது. அதற்கு ‘தரகு பெங்கி’, அதாவது சருகுத் தீ, என்று பெயர். அந்தத் தீ தாழ்வாக ஓடி, புல்லைப் புதுப்பித்து, களையைக் கட்டுப்படுத்தி, தானே அணைந்துவிடும்.

1974-இல் அப்பகுதி வனவிலங்குச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. தீ மூட்டுவது குற்றமாயிற்று. அதன்பின் உண்ணிச்செடி புதராக மண்டியது. புல் ஒடுங்கியது. நெல்லி மரங்களைப் புல்லுருவி பற்றிக்கொண்டது. தீ நின்றதே இவற்றுக்குக் காரணம் என்று சோலிக முதியவர்கள் கூறினர். உண்ணிச்செடியின் பரவலை அளந்த ஆய்வாளர்களும் அவர்களது கூற்றைப் பொருட்படுத்தத்தக்க விளக்கமாகப் பதிவு செய்தனர். முன்பு அடிக்கடி மூண்ட சிறு தீ நின்றுபோன மரவெளிகளில், இன்று புதரில் தேங்கிய எரிபொருளால் பெருந்தீ மூள்கிறது. 2019 பிப்ரவரியில் பந்திப்பூரில் ஆயிரக்கணக்கான ஹெக்டேர் எரிந்ததை எவரும் மறந்திருக்க முடியாது.

2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டத்தின்கீழ் 2011 அக்டோபரில் அந்த மலையின் 25 கிராமசபைகள் சமூக வன உரிமை பெற்றன. புலிகள் காப்பகம் ஒன்றில் இத்தகைய உரிமை கிடைத்தது ஒரு முன்னோடி வெற்றி. ஆனால் உரிமை ஏட்டில் இருக்க, நிலத்தைப் பராமரிக்கும் அதிகாரம் இன்னும் வனத்துறையின் கையிலேயே இருக்கிறது.

மரத்தை எண்ணும் சந்தை

ஒரு ஹெக்டேருக்கு மேற்பட்ட நிலத்தில் 10 சதவீதம் மரக்கவிப்பு இருந்தால் அது ‘வனப்பரப்பு’ என்பது இந்திய வன ஆய்வு நிறுவனத்தின் வரையறை. மாந்தோப்பும் தைல மரத் தோட்டமும்கூட இக்கணக்கில் சேர்ந்துவிடும். 2023-ஆம் ஆண்டுக்கான அறிக்கை இவ்வாறுதான் 7,15,343 சதுர கிலோமீட்டர், அதாவது நாட்டின் பரப்பில் 21.76 சதவீதம், வனம் என்று பெருமை பேசுகிறது. இந்த அளவுகோலில் மரவெளி எப்போதும் தோற்கும். 40 சதவீதத்துக்கும் குறைவான கவிப்பு உள்ள நிலம் ‘திறந்த காடு’ எனத் தாழ்த்தி வைக்கப்படுகிறது. மேலும் மரம் நட வேண்டிய நிலமாகக் கருதப்படுகிறது.

ஒன்றிய அரசின் பசுமைக் கடன் திட்டம் இதையே வணிகமாக்கியது. 2024 பிப்ரவரியில் வகுக்கப்பட்ட முறைப்படி, ‘சீரழிந்த’ நிலத்தில் ஹெக்டேருக்குக் குறைந்தது 1,100 மரங்கள் வளர்த்தால், மரத்துக்கு ஒரு கடன்புள்ளி. விமர்சனங்களுக்குப் பின் 2025-இல் அது திருத்தப்பட்டு, குறைந்தது 40 சதவீத மரக்கவிப்பு என்ற நிபந்தனை வந்தது. எண்ணிக்கை மாறியது, பார்வை மாறவில்லை. மரவெளி மரவெளியாகவே இருந்தால் அதற்கு மதிப்பு இல்லை என்பதே இரண்டின் பொருளும். கிரேட் நிக்கோபாரில் சுமார் 130 சதுர கிலோமீட்டர் மழைக்காட்டை அழிக்க அனுமதி தந்துவிட்டு, ஈடாக மரம் நட வறண்ட ஹரியானாவில் இடம் காட்டியதும் இதே பார்வைதான். காடு இங்கே அழிகிறது; மரவெளி அங்கே அழிகிறது; ஏட்டில் மட்டும் கணக்கு நேராகிறது.

2023-இல் திருத்தப்பட்ட வனப் பாதுகாப்புச் சட்டமோ, ஆவணங்களில் காடாகப் பதிவாகாத நிலத்தைப் பாதுகாப்பிலிருந்து விலக்க முயன்றது. 1996 கோதவர்மன் தீர்ப்பின் விரிந்த பொருளையே பின்பற்றுமாறு 2024 பிப்ரவரியில் உச்சநீதிமன்றம் இடைக்கால உத்தரவிட்டது. அது தற்காலிகக் கவசமே. வருவாய்த்துறை ஏட்டில் கோமாளமாகவும் மேய்ச்சல் புறம்போக்காகவும் கிடக்கும் மரவெளிகளுக்கு இக்கவசம்கூட எட்டுவது உறுதியில்லை.

‘மரம் நடுவது நல்லதுதானே, புவி வெப்பமடையும் காலத்தில் இதை எதிர்க்கலாமா?’ என்ற கேள்வி இடதுசாரி அணிகளுக்குள்ளும் எழுகிறது. அழிக்கப்பட்ட காட்டில் அம்மண்ணுக்குரிய மரத்தை நடுவதை எவரும் எதிர்க்கவில்லை. மரங்கள் குறைந்த நிலமெல்லாம் மரவெளி என்பதும் அல்ல. உண்மையிலேயே வெட்டிச் சீரழிக்கப்பட்ட காடுகளும் உண்டு. இரண்டையும் பிரித்தறியாமல் நடுவதே தவறு. மரவெளியின் புல் தன் வேர்வழி மண்ணுக்குள் கரிமத்தைச் சேமிக்கிறது. அங்கே அந்நிய மரத்தை நெருக்கி நட்டால் நிலத்தடி நீர் குறையும், மேய்ச்சல் அழியும். பணம் பெறுபவர் ஒருவர், நிலத்தை இழப்பவர் வேறொருவர் என்பதை மறைப்பதற்கே பசுமை என்ற சொல் பயன்படுகிறது.

இலையின் இரு முனைகள்

மண்டி மொஹல்லாவின் முறத்துக்கு மீண்டும் வருவோமானால், இது தொலைவான பிரச்சினை அல்ல என்பது விளங்கும். பீடி இலைச் செடிகளைக் கோடைத் தொடக்கத்தில் கவாத்து செய்தால், வெயிலில் இளம் இலை துளிர்க்கும். சித்திரை, வைகாசியில் மத்திய இந்தியாவின் மரவெளிகளில் பழங்குடிப் பெண்கள் அதைப் பறித்து, கட்டாகக் கட்டித் தருகின்றனர். அந்த இலை தரம் குறைந்தால் அதே எடைக்குக் குறைவான பீடிகளே தேறும். பற்றாக்குறையை ஒப்பந்தக்காரர் ஏற்பதில்லை. சுற்றும் பெண்ணின் கூலியில் கழிக்கப்படுகிறது, அல்லது அவரே கடையில் இலை வாங்கி ஈடுகட்ட வேண்டியிருக்கிறது. பறிப்பவரின் நிலம் பறிபோவதும் சுற்றுபவரின் கூலி குறைவதும் ஒரே சங்கிலியின் இரு முனைகள். முன்னது பழங்குடியினர் பிரச்சினை, பின்னது தொழிற்சங்கப் பிரச்சினை என்று பிரித்து வைப்பது முதலாளிகளுக்கே வசதி.

எனவே இடதுசாரி இயக்கம் முன்வைக்க வேண்டிய கோரிக்கைகள் தெளிவானவை. மரவெளியும் புல்வெளியும் தனி வாழிடங்களாகச் சட்டத்தில் பெயர் பெற வேண்டும். தரிசுப் பட்டியலிலிருந்து அவை நீக்கப்பட வேண்டும். ஈட்டுக் காடு வளர்ப்புக்கும் பசுமைக் கடனுக்கும் கிராமசபையின் ஒப்புதலின்றி ஓர் ஏக்கர்கூட ஒதுக்கப்படக் கூடாது. வன உரிமைச் சட்டப்படி மேய்ச்சல் உரிமையும் சிறுவன மகசூல் உரிமையும் மேலாண்மை அதிகாரத்தோடு சேர்த்து வழங்கப்பட வேண்டும். தீயை எப்போது, எங்கே, எவ்வளவு பயன்படுத்துவது என்பதில் சோலிகர்கள் போன்ற மக்களின் அறிவுக்கு இடம் தர வேண்டும்.

இதற்கான முதல் வேலையைக் கிளைகளே செய்ய முடியும். தத்தம் பகுதியில் வருவாய் ஏட்டில் தரிசு என்றும் புறம்போக்கு என்றும் எழுதப்பட்ட நிலத்தில் யார் மேய்க்கிறார்கள், யார் எதைச் சேகரிக்கிறார்கள், அதை வாங்கித் தொழில் செய்வோர் எந்த நகரத்தின் எந்தத் தெருவில் இருக்கிறார்கள் என்று பட்டியலிடலாம். அந்தப் பட்டியல் கையில் இருந்தால், ‘இது வெற்று நிலம்’ என்று அதிகாரி கூறும் நாளில் கிராமசபை விடையோடு எழுந்து நிற்கும்.