துடக்கு வீட்டுப் பொங்கல்



கையில் பச்சைக் குழந்தையை வைத்துக்கொண்டு, "வருகிற பொங்கலை எப்படிச் சமாளிப்பேன்?" என்று யோசிக்கும் தாய்மாருக்காக இம்மாதம் என் அனுபவத்தை எழுதுகிறேன்.

அது 2011 ஆம் ஆண்டுப் பொங்கல். முகாமிலிருந்து ஊருக்குத் திரும்பி ஒரு வருடம் ஆகவில்லை. தகரக் கொட்டில்தான் வீடு. மகள் பிறந்து 18 நாள். என் அம்மாவை 2009 இல் இழந்திருந்தேன். கணவர் வவுனியாவில் மேசன் வேலை. பொங்கலுக்கு முதல் நாள் இரவுதான் வருவார்.

மூத்தவனுக்கு ஆறு வயது. 2009 பொங்கலன்று இடம்பெயர்ந்து மரத்தடியில் இருந்தோம். 2010 பொங்கல் முகாமில் போனது. சொந்த முற்றத்தில் பானை பொங்கி வழிவதை அவன் நினைவறியக் கண்டதில்லை. "இந்த முறை பொங்குவம்தானே அம்மா?" என்று நாளுக்கு நாலு தரம் கேட்பான். 31 நாள் துடக்கு கழியவில்லை என்பதை அந்தப் பிஞ்சுக்கு எப்படி விளங்கப்படுத்துவது?

பலகாரமாவது சுட்டுக் கொடுப்போம் என்று எழும்பினேன். கிணற்றில் தண்ணீர் அள்ளினேன். உரலில் மா இடித்தேன். அன்று பின்னேரம், குறைந்திருந்த இரத்தப்போக்கு மறுபடி சிவப்பாகக் கண்டது. தலை சுற்றியது. பிள்ளை பாலுக்கு அழ, நானும் சேர்ந்து அழுதேன்.

சத்தம் கேட்டு ஓடிவந்த பக்கத்து வளவு அக்கா என்னைப் படுக்க வைத்தா. போரில் கணவனையும் மகனையும் பறிகொடுத்தவ அவ. "பிள்ளை, என்னை ஒரு குரல் கூப்பிட்டால் என்ன? பானையை என்ரை முத்தத்திலை வைப்பம். தம்பி முழுகிப்போட்டு வந்து அரிசி போடட்டும். சின்னப்பிள்ளைக்கு என்ன துடக்கு?" என்றா.

மறுநாள் குடும்பநல உத்தியோகத்தர் வந்து பார்த்து, பயப்பட ஒன்றுமில்லை, ஆனால் பாரம் தூக்கக்கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னார். ஒரு மணித்தியாலத்திற்குள் ஒரு துணி முழுதாக நனைந்தாலோ, காய்ச்சல் கண்டாலோ, கெட்ட வாடை வந்தாலோ ஒரு நிமிடமும் தாமதியாமல் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்றும் சொன்னார். இதை நீங்களும் மறக்க வேண்டாம்.

அன்றிலிருந்து வேலையைப் பங்கிட்டோம். தண்ணீரும் விறகும் கணவர் பொறுப்பு. பயறு வறுப்பது, தேங்காய் துருவுவது எல்லாம் முதல் நாளே முடிந்தது. பலகாரம் வேண்டாம் என்று விட்டோம். நான் செய்தது பிள்ளைக்குப் பால் கொடுத்தது மட்டும். பிறந்த பிள்ளை ஒரு நாளில் 8 முதல் 12 தடவை வரை பால் குடிக்கும். அதுவே முழுநேர வேலை. ஆறு மாதம் வரை தாய்ப்பால் போதும். பொங்கல் நாளென்று சர்க்கரைத் தண்ணீரோ தேனோ நாக்கில் தடவ யாரையும் விடாதீர்கள். வருகிறவர்கள் கை கழுவித்தான் பிள்ளையைத் தூக்க வேண்டும். தடிமன், இருமல் உள்ளவர்கள் தூரத்தில் நின்று பார்க்கட்டும்.

தாயின் சாப்பாடும் முக்கியம். மிளகு, சீரகம், உள்ளி, வேர்க்கொம்பு சேர்ந்த சரக்குக்கறி, முருங்கையிலை, சின்னமீன், முட்டை என்று கிடைப்பதை வயிறாரச் சாப்பிடுங்கள். பத்தியம் என்று பட்டினி கிடக்காதீர்கள். திரிபோஷா கிடைத்தால் அதைத் தாயும் சாப்பிட வேண்டும். இரும்புச்சத்துக் குளிசை போடும் நேரத்தில் தேநீர் குடிக்க வேண்டாம்.

பொங்கலன்று விடிய, அக்காவின் முற்றத்தில் மூத்தவன் மூன்று தரம் அரிசி போட்டான். பால் பொங்கியபோது அவன் போட்ட கூச்சல் என் கொட்டிலுக்குக் கேட்டது. படுத்திருந்தபடியே கண்ணீர் விட்டேன். அது முந்திய நாள் அழுகை அல்ல. பல வருடங்களுக்குப் பிறகு தன் முற்றத்திலும் ஒரு பிள்ளை சிரித்தது என்று அக்கா பிறகு சொன்னா.

சகோதரிகளே, எல்லாவற்றையும் தனியே தாங்கிப் பழகியவர்கள் நாங்கள். உதவி கேட்பது எமக்கு வெட்கமாக இருக்கும். ஆனால் கேட்கும்போது, கொடுப்பவரின் தனிமையும் கொஞ்சம் குறைகிறது. பிரசவித்து இரண்டு கிழமை கடந்தும் மனச்சோர்வும் அழுகையும் நீங்காவிட்டால், அதையும் மறைக்காமல் குடும்பநல உத்தியோகத்தரிடம் சொல்லுங்கள்.

உங்கள் பக்கத்து வளவில் பச்சை உடம்புக்காரி இருந்தால், இந்த முறை பானையில் ஒரு சுண்டு அரிசி கூடப் போடுங்கள்.