ஒரு துணிப்பைக்கு எத்தனை மணித்தியாலம்?

போன வருசம் ஆவணிச் சீசனில் யாழ்ப்பாணத்தில் ஒரு சின்னக் கண்காட்சியில் மேசை போட்டு நாங்கள் நாற்பது துணிப்பை விற்றோம். பழைய பருத்திச் சீலையில், அல்லைப்பிட்டியில் ஒரு வீட்டு விறாந்தையில் இருந்து, ஐந்து பெண்கள் தைத்த பைகள். ஒன்று 250 ரூபா. இரண்டாம் நாள் பின்னேரமே எல்லாம் முடிஞ்சுது. வெறும் மேசையைப் படம் எடுத்து முகநூலில் போட்டோம். ஐஸ்கிறீம் குடிச்சோம். பத்தாயிரம் ரூபாவைக் கையில் வைத்துக்கொண்டு கடைசிக் குறிகட்டுவான் பஸ்ஸில் பண்ணைப் பாலம் தாண்டி வந்தபோது, பெரிய சாதனை ஒன்று செய்த நினைப்பு எங்களுக்கு.

இந்த வருசம் திரும்பவும் மேசை போடலாமா என்று கூடிக் கதைத்தபோதுதான் கொப்பியைத் திறந்து கணக்குப் பார்த்தோம். ஒரு வருசம் பிந்திப் பார்த்த கணக்கு. அதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

முதலில் ஒரு பை எப்படி வருகுது என்று சொல்லவேணும். எங்களில் பாதிப் பேருக்கே அது தெரியாமல் இருந்தது.

சீலை இலவசம்தான். ஊரில் எந்த அலுமாரியைத் திறந்தாலும் உடுத்து அலுத்த வொயில் சீலையும் கைத்தறிச் சீலையும் கிடக்கும். ஆனால் வாங்கின உடனே வெட்டேலாது. முதலில் வெள்ளைத் துணி ஒன்றை நனைத்துச் சீலையில் தேய்த்துச் சாயம் விடுகுதா என்று பார்க்கவேணும். சாயம் விடுகிற சீலையில் செய்த பை, மழையில் நனைஞ்சால் வாங்கினவரின்ர வெள்ளைச் சட்டையைப் பழுதாக்கும். பிறகு கழுவவேணும். நல்ல தண்ணிக்குத் தீவுப்பகுதியில் என்ன மதிப்பு என்று இங்கே இருக்கிறவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. உவர்த் தண்ணியில் சவர்க்காரம் நுரைக்காது. துணியும் மொறமொறவென்று நிற்கும். காயப்போட்டால் கடற்காற்றோடு மணல் வந்து ஒட்டும், அதை உதறவேணும்.

அதுக்குப் பிறகுதான் வெட்டு. சீலையை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தால் அது உடுத்த உடம்பின் வரைபடம் மாதிரி இருக்கும். கொசுவத்தின் கீழ்ப்பக்கம் நிலத்தில் உரஞ்சி நைஞ்சிருக்கும். தோளில் ஊசி குத்துகிற இடத்தில் சின்னச் சின்ன ஓட்டை. உள்சுற்று மட்டும் புதுசு போல இருக்கும். நைஞ்சதை ஒதுக்கி நல்லதை இரட்டைத் துணியாக எடுத்தால் ஐந்தரை மீற்றர்ச் சீலையில் ஆறு பை தேறும். கரைப்பக்கம் இறுக்கமான நெசவு என்பதால் அது கைபிடிக்கு. கைபிடியை நாலாய் மடித்து, நூலோடி, பிறகு மெசினில் இரட்டைத் தையல் போடவேணும். பாரம் தாங்குவதும் அந்த இடம்தான், அறுவதும் அந்த இடம்தான். கடைசியில் பிசிறு வெட்டி, அயன் பண்ணி, மடித்து அடுக்குவது. கரண்ட் நிண்டால் அயன் வேலை அடுத்த நாளைக்குத் தள்ளிப்போகும்.

இந்த முறை நாங்கள் ஃபோனில் நேரம் பிடித்துப் பார்த்தோம். கழுவி அயன் பண்ணின நேரத்தைப் பங்கிட்டால் பைக்கு 15 நிமிசம், வெட்டு 20, தையல் 70, கைபிடி 25, முடிப்பு வேலை 20. ஆக 150 நிமிசம். இரண்டரை மணித்தியாலம்.

நூல், உள்துணி, கரண்ட் எல்லாம் பைக்கு 60 ரூபா. மேசை வாடகையும் போக்குவரத்தும் 3,200 ரூபா. நாற்பதால் பிரித்தால் 80. அப்படியென்றால் 250 ரூபாவில் தைத்தவருக்கு மிஞ்சினது 110. இரண்டரை மணித்தியாலத்துக்கு 110 என்றால் மணித்தியாலத்துக்கு 44 ரூபா. எட்டு மணித்தியாலம் தைத்தாலும் 352 ரூபாதான்.

இலங்கையில் தேசிய குறைந்தபட்ச வேதனச் சட்டம் 2016-இல் வந்தபோது ஒரு நாள் கூலி 400 ரூபா. 2025 ஏப்ரல் முதலாம் திகதி அது 1,080 ரூபாவாக உயர்ந்தது. அதாவது, 2016-இல் இருந்த சட்டக் கூலியையும்கூட நாங்கள் குடுக்கவில்லை. குடுத்தது எந்த முதலாளியும் இல்லை. முற்போக்குக் கட்டுரை எழுதுகிற நாங்கள். நாற்பது பைக்கும் மிஞ்சின 4,400 ரூபாவை ஐந்து பேருக்குப் பிரித்து ஆளுக்கு 880 ரூபா குடுத்தபோது அவையள் "பரவாயில்லை பிள்ளையள், சும்மா இருந்த நேரம்தானே" என்று சொல்லிச்சினம். அதை நாங்கள் நன்றியோடு கேட்டுக்கொண்டு வந்திட்டோம்.

சும்மா இருந்த நேரம் என்று ஒன்று அந்த வீடுகளில் இல்லை. விடியச் சமைத்து, பிள்ளையைப் பள்ளிக்கூடம் அனுப்பி, ஆடு மாட்டைப் பார்த்து, பின்னேரச் சமையலுக்கு முன்னால் கிடைக்கிற நேரம் அது. அந்த நேரத்துக்கு விலை இல்லை என்று முடிவு பண்ணினது ஆர்?

எங்களுக்கு 'சுயதொழில்' என்ற சொல்லிலேயே ஒரு சந்தேகம். போர் முடிஞ்ச பிறகு வடக்கில் வாழ்வாதார உதவி என்றால் கோழிக்குஞ்சு, ஆடு, தையல் மெசின் என்றுதான் வந்தது. மெசின் குடுக்கிற படம் பத்திரிகையில் வரும். தைத்ததை ஆர் வாங்குவினம் என்ற கேள்விக்குப் படம் இல்லை. துணி வாங்க முதல் வேணும், அதுக்கு நுண்கடன், கிழமைக்குக் கிழமை தவணை. கடைசியில் 2018-இல் வறட்சியால் பாதிக்கப்பட்ட மாவட்டங்களில் பெண்கள் எடுத்த, ஒரு லட்சம் ரூபாவுக்கு உட்பட்ட நுண்கடன்களைத் தள்ளுபடி செய்வதாக அரசாங்கமே அறிவிக்கவேண்டி வந்தது. தொழிற்சாலையில் தைத்தால் குறைந்தபட்சக் கூலி என்று ஒரு சட்டம் இருக்கு. வீட்டில் தைத்தால் அவர் 'முயற்சியாளர்'. தனக்குத் தானே முதலாளி. குறைஞ்ச கூலிக்கு அவர் தன்னைத்தான் கேள்வி கேட்கவேணும்.

விலையைக் கூட்டினால் ஆர் வாங்குவினம் என்று எங்கட குழுவில் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. இதே கேள்வி எங்களுக்கு முன்னமே கேட்கப்பட்டிருக்கு. 1927 நொவெம்பரில் காந்தி யாழ்ப்பாணம் வந்தார். அழைத்தது பெரிய மனிசர் சபை இல்லை. ஹன்டி பேரின்பநாயகம் போன்றவர்கள் நடத்திய, பிறகு இளைஞர் காங்கிரஸ் என்று பெயர் மாறிய மாணவர் காங்கிரஸ். வந்த நோக்கம் கதர் நிதி சேர்ப்பது. அந்தப் படங்களைப் போட்டுப் பெருமைப்படுகிறோம். ஆனால் அதுக்கு எட்டு வருசம் கழித்து நடந்ததை நாங்கள் பேசுவதில்லை. 1935-இல் காந்தி, நூல் நூற்கிற பெண்களுக்குக் குடுக்கிற கூலி போதாது, எட்டு மணித்தியால வேலைக்கு எட்டு அணா கிடைக்கவேணும் என்று வாதாடினார். கதர் விலை ஏறும், விற்காது என்று அவருடைய ஆட்களே பயந்திச்சினம். அகில இந்திய சர்க்கா சங்கம் எட்டு அணா வரைக்கும் போகவில்லை, ஆனால் கூலியைக் கூட்டியது. கதர் விலையும் ஏறியது. காந்தியோடு எங்களுக்கு ஆயிரம் கருத்து வேறுபாடு இருக்கு. இந்த இடத்தில் அவர் கேட்ட கேள்வி சரி. மலிவாய் விற்கிறதுதான் ஏழைக்கு உதவி என்றால் அந்த மலிவுக்கு ஆர் காசு கட்டுகினம்?

தீவுப்பகுதிக்கும் துணிக்கும் உள்ள பழைய தொடர்பும் இதே கதைதான். சிவப்புச் சாயம் எடுக்கிற சாயவேர் மன்னாரிலும் எங்கட தீவுகளின் மணல் நிலத்திலும் விளைஞ்சது. டச்சுக்காரர் அதைத் தங்கட ஏகபோகமாக வைத்திருந்தார்கள். வேர் கிண்டுவது விருப்பப்பட்டுச் செய்த வேலை இல்லை. குறிப்பிட்ட சாதிமார்மீது கடமையாகச் சுமத்தப்பட்டிருந்தது. சாயம் தோய்த்த துணியின் விலை வணிகரின் கணக்கில் இருக்கு. வெயிலில் குந்தி இருந்து வேர் கிண்டினவரின் பெயர் எங்கேயும் இல்லை. அல்லைப்பிட்டியில் 1970-களின் கடைசியில் தோண்டியபோது சீனத்துச் சொங் காலப் பீங்கான் துண்டுகள் கிடைத்தன, எங்கட ஊர் உலக வணிகப் பாதையில் இருந்தது என்று சொல்லிக்கொள்வது எங்களுக்குப் பிடிக்கும். அந்தப் பாதையில் பாரம் தூக்கினவர்களையும் சேர்த்துச் சொன்னால் நல்லது.

விலையில் ஒருமாதிரி உடன்பட்டோம். சண்டை வந்தது விலைச்சீட்டில்.

ஒருவர் எழுதிக்கொண்டு வந்த வாசகம்: "போரால் பாதிக்கப்பட்ட பெண்களின் கைவண்ணம்." வெளிநாட்டில் இருந்து திருவிழாவுக்கு வருகிறவர்கள் அதைப் பார்த்தால் விலை பேசாமல் வாங்குவினம் என்பது அவருடைய வாதம். உண்மையாகவும் இருக்கலாம். போன வருசம் ஒருவர் "லண்டனில இதே பை பத்துப் பவுண்" என்று எங்களுக்குப் பெருமையாய்ச் சொல்லிப்போட்டு, அதே மூச்சில் ஐம்பது ரூபா குறைக்கச் சொன்னார். அவரிடம் கண்ணீர்க் கதை ஒன்று சொல்லியிருந்தால் ஐந்நூறும் தந்திருப்பார்.

விறாந்தையில் இருந்தவர்களில் வயதில் மூத்த அம்மா அந்தச் சீட்டை வாங்கி வாசித்தா. "பையில பிழை ஒண்டும் இல்லைத்தானே பிள்ளை? பிறகேன் பாவம் பார்க்கச் சொல்லி எழுதுறியள்?" எண்டு கேட்டா. எங்களிட்ட மறுமொழி இல்லை.

அல்லைப்பிட்டிக்கு நடந்தது பொய்யில்லை. 1990-இல் தீவுப்பகுதிச் சனம் இடம்பெயர்ந்தது. 2006 மே மாதம் வீட்டுக்குள் வைத்துக் குடும்பமாகச் சுட்டார்கள். அதே வருசம் ஓகஸ்டில் பிலிப்பு நேரியார் தேவாலயத்தில் தஞ்சமடைந்திருந்தவர்கள்மேல் எறிகணை விழுந்தது. பங்குத்தந்தை ஜிம் பிறவுண் காணாமல் போனார். இதைச் சொல்லவேணும், திரும்பத் திரும்பச் சொல்லவேணும், நீதி கேட்கவேணும். ஆனால் இரண்டு அங்குல மட்டையில், விலைக்குப் பக்கத்தில் இல்லை. அங்கே அது சாட்சியம் இல்லை, விளம்பரம்.

சிலி நாட்டு உதாரணத்தை ஒரு தோழி எடுத்துச் சொன்னார். 1973 இராணுவச் சதிக்குப் பிறகு, காணாமல் ஆக்கப்பட்டவர்களின் தாய்மாரும் மனைவிமாரும் சாக்குத்துணியில் கந்தல் துண்டுகளை ஒட்டித் தைத்து, நடந்ததையே படமாக்கிச்சினம். அதுக்கு ஆர்ப்பியேரா என்று பெயர். திருச்சபையின் உதவியோடு அவை வெளிநாட்டில் விற்கப்பட்டன. அவர்கள் துயரத்தைத் தைக்கவில்லையா என்பது அவருடைய கேள்வி. தைத்திச்சினம். எதைத் தைக்கிறது, எப்படித் தைக்கிறது என்று முடிவெடுத்ததும் அவையள்தான். எங்கட அம்மாமார் விரும்பினால் நாளைக்கு அப்படி ஒன்று தைக்கட்டும், நாங்கள் சாக்குத் தூக்குகிறோம். அவையள் தைத்தது மரக்கறி வாங்கப் போகிற பை. அதில் அவையளைக் கேளாமல் அவையளின் துயரத்தை ஒட்டுவதற்கு எங்களுக்கு உரிமை இல்லை.

ஆகவே இந்த வருசச் சீட்டில் நாலே வரி: அல்லைப்பிட்டி. பழைய பருத்திச் சீலை. இரண்டரை மணித்தியால வேலை. விலை. கையால் எழுதுகிறோம், சின்ன எழுத்துப்பிழைகளோடு.

இன்னொரு விசயமும் அந்தக் கூட்டத்தில் வெளியே வந்தது. போன வருசம் படம் எடுத்தது, மேசையில் நின்று கதைத்தது, காசுப் பெட்டி வைத்திருந்தது எல்லாம் எங்கட குழுப் பெடியள். தைத்தவர்களில் ஒருவரும் கண்காட்சிக்கு வரவில்லை. நாங்கள் கூப்பிடவும் இல்லை. இந்த முறை இரண்டு பேர் வருகினம். விலை குறைக்கச் சொல்லிக் கேட்கிறவருக்கு அவையளே மறுமொழி சொல்லட்டும். பெடியளுக்கு பிசிறு வெட்டுகிற வேலை பழக்கியிருக்கு. மூன்று பை பழுதாப்போச்சு.

கடைசியாக, விற்காமல் போனால் நட்டம் ஆருக்கு என்ற கேள்வி. இதுவரைக்கும் அது தைத்தவருக்குத்தான். பை திரும்பி அவரின்ர வீட்டுக்குப் போகும், நேரம் போனது போனதுதான். இந்த முறை கண்காட்சிக்கு முதலே கூலியைக் குடுத்துவிடுவது என்று தீர்மானித்தோம். ஒரு நாளைக்கு 1,080 என்றால் மணித்தியாலத்துக்கு 135, பைக்கு 337 ரூபா 50 சதம். நாற்பது பைக்குக் கூலி மட்டும் 13,500 வருகுது. எங்களிட்ட, மேசை வாடகைக்கும் நூலுக்கும் சேர்த்தே, 13,600 ரூபாதான் இருக்கு.

கூட்டிக் கழித்துப் பார்த்தோம். பை குறையக் குறைய மேசைச் செலவு ஒவ்வொரு பையிலும் கூடும். அடக்கவிலை 520 ரூபா வரைக்கும் போகுது. சீட்டில் 550 என்று எழுதியிருக்கிறோம். மிச்சம் முப்பது, பழுதான துணிக்கும் அடுத்த முறைக்கும். விற்குமா எண்டு விறாந்தையில் இன்னும் வாக்குவாதம் முடியவில்லை. 450-க்குக் குறைக்கச் சொல்லி ஒரு அக்கா இன்றைக்குக் காலையிலும் ஃபோன் எடுத்தவ.

இந்த வருசம் இருபத்தாறு பைதான். இருபதுக்குக் கைபிடி வைத்தாச்சு. மிச்சம் ஆறு, கரண்ட் வந்தால் இண்டைக்கு இரவு.