பிள்ளையின் காப்புறுதியும் ஆகஸ்ட் 31உம்

சித்திரை விடுமுறைக்குக் குருக்கள்மடம் வந்திருக்கிறோம். வாவியை நம்பி வாழும் இங்குள்ள வீடுகளிலும் நம் தோட்டத்து லயங்களில் கேட்கும் அதே கேள்விதான்: "பிள்ளைக்கு இன்சூரன்ஸ் இருக்காமே, எங்க போய்ப் பேர் பதியிறது சேர்?"

பதியத் தேவையில்லை. பாடசாலை இடாப்பில் பெயர் இருந்தால் 'சுரக்ஷா' மாணவர் காப்புறுதியிலும் பிள்ளை இருக்கிறது. கட்டணமும் இல்லை. அமெரிக்காவில் நவம்பர் 1இல் தொடங்கும் பதிவுக் காலத்தைத் தவறவிட்டால், பெரும்பாலானோர் அடுத்த வருடம் வரை காத்திருக்க வேண்டும். நமக்கு அந்தத் தொல்லை இல்லை. ஆனால் நமக்கும் திகதி உண்டு. நோய் வந்து, பணம் கேட்டுப் போகும்போதுதான் அது கண்ணில் படும்.

2017இல் வந்த சுரக்ஷா, காலம் குறித்துச் செய்யப்படும் ஒப்பந்தம். பொருளாதார நெருக்கடியில் நின்றுபோய், 2024 செப்டம்பர் 1இல் திரும்பத் தொடங்கியது. அப்போது செய்த ஒப்பந்தம் 2025 ஆகஸ்ட் 31 வரைக்குமானதாக இருந்தது. ஆகவே பிள்ளையை வார்டில் எந்தத் திகதியில் அனுமதித்தார்கள் என்பது முக்கியம். அதைக் காட்டுவது டயக்னோசிஸ் காட்.

எங்கள் வகுப்புப் பிள்ளை ஒன்று நாலு நாள் வார்டில் இருந்தது. டிக்கட் வெட்டி வந்த காட்டை அம்மா கூரைக்கடியில் செருகி வைத்தார். மழையில் ஊறி எழுத்தே இல்லாமல் போனது. பிரதி எடுக்க இரண்டு தடவை ஆஸ்பத்திரிக்கு அலைந்தார். இரண்டு நாளும் பெயர் விழவில்லை. மூன்றாம் தடவை போக மனமில்லாமல் விட்டுவிட்டார். அவரைக் குறை சொல்ல எங்களுக்கு வாயில்லை. காட்டைப் பத்திரப்படுத்தச் சொல்லியிருக்க வேண்டிய ஆசிரியர்கள் நாங்கள்தான். பெற்றோர் கூட்டத்தில் சீருடை பற்றி ஒரு மணி நேரம் பேசினோம், இதைப் பேசவில்லை.

குறைந்த வருமானக் குடும்பத்தில் தாயோ தகப்பனோ இறந்தால் பிள்ளைக்குக் கொடுப்பனவு உண்டு என்பதும் பல லயங்களுக்குத் தெரியாது.

எனவே தோட்டத் தலைவர்மாரிடம் ஒன்று கேட்கிறோம். விண்ணப்பப் படிவம் பத்தைப் பாடசாலையில் வாங்கி உங்கள் வீட்டில் வையுங்கள். வார்டிலிருந்து பிள்ளை வந்த அன்றே காட்டைப் பிரதி எடுக்கச் சொல்லி, படிவத்தையும் நிரப்பி அதிபரிடம் கொடுக்க வையுங்கள். கடிதாசி பொலித்தீன் பையில் இருக்கட்டும்.

சங்கத்திடமும் ஒன்று உண்டு. பிள்ளையின் காய்ச்சல் ஒப்பந்தத் திகதி பார்த்து வருவதில்லை. ஒப்பந்தக் காலம் முடிந்த பிறகு என்ன ஏற்பாடு என்று கல்வி அமைச்சிடம் முன்கூட்டியே எழுத்தில் கேட்க வேண்டும். முடிந்த பிறகு கேட்டால் அதற்குள் எத்தனை பிள்ளைகள் வார்டுக்குப் போயிருக்குமோ.